சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: தயாராவது எப்படி? எழுதுவது எப்போது?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு நமது லயங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "புள்ளைக்கு சட்டம் படிக்க ஆசையாம். இந்த வருஷமே சோதன எழுதட்டும்" என்பார் அப்பா. "இன்னும் ஒரு வருஷம் நல்லா படிச்சிட்டு எழுதட்டுமே" என்பார் அம்மா. "அதுக்குள்ள ஒரு வேலைக்குப் போனா வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்பார் அப்பாயி. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பரீட்சைக்குப் போகும் வருடத்தை ஆசையை வைத்தோ, பயத்தை வைத்தோ, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்தோ தீர்மானிக்கக் கூடாது. கையில் இருக்கும் தகுதி என்ன, பயிற்சி வினாத்தாளில் வரும் பிழைகள் எப்படிப்பட்டவை, வீட்டு வருமானம் எவ்வளவு காலம் தாங்கும் என்ற மூன்றையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டக் கல்லூரி என்பது என்ன?

இலங்கைச் சட்டக் கல்லூரி கொழும்பு, புதுக்கடையில் நீதிமன்றங்களுக்கு அருகில் இருக்கிறது. 1874இல் தொடங்கிய சட்டக் கல்விச் சபையின் வழியில் வந்தது. இங்கே மூன்று வருடப் படிப்பு. அதன்பின் செயன்முறைப் பயிற்சியும், அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் தொழில் பழகும் காலமும் உண்டு. இவற்றை முடித்தவர் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணி ஆகிறார். முன்பு 'அத்துவக்காத்து', 'பிறக்கிறாசி' என்று இரு வகையினர் இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இருவரையும் ஒன்றாக்கியது.

பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழகச் சட்டப் பீடத்துக்கு உயர்தரத்தின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் பார்க்கப்படும். நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையும் இருக்கிறது. சட்டக் கல்லூரிக்கு அப்படி இல்லை. நாடு முழுவதும் ஒரே போட்டிப் பரீட்சை. கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையும் நம்ம டிவிசன் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே தயாரிப்பு விளையாட்டல்ல.

முதல் வாசல்: தகுதி

பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே சில தகுதிகள் வேண்டும். உயர்தரத்தில் மூன்று பாடங்களில் ஒரே தடவையில் சித்தி பெற்றிருக்க வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலும், தமிழ் அல்லது சிங்களத்திலும் திறமைச் சித்தி, அதாவது 'சி' அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உயர்தரத்தில் என்னென்ன தரச் சித்தி வேண்டும் என்பது போன்ற நுணுக்கங்களை அந்தந்த வருட அறிவித்தலில் படித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னார், டியூட்டரியில் சொன்னார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

இதில் நமது பிள்ளைகளை அதிகமாக மறிக்கும் கதவு ஆங்கிலம்தான். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகூட, சாதாரண தர ஆங்கிலத்தில் 'எஸ்' மட்டும் எடுத்திருந்தால் விண்ணப்பமே போட முடியாது. அது உயர்தரம் முடிந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. "நல்லா படிச்ச புள்ள, ஒரு பாடத்தால நின்னு போச்சே" என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது. உங்கள் பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருந்து, சட்டம் படிக்கும் ஆசையும் இருந்தால், நுழைவுப் பரீட்சைக்கான தயாரிப்பு இன்றைக்கே ஆங்கிலப் பாடத்தில் தொடங்குகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 'எஸ்' எடுத்தவர்கள் மனம் தளர வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம்.

எந்த மொழியில் படிப்பது என்ற குழப்பமும் சிலருக்கு உண்டு. சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் யாவும் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் ஓர் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. நுழைவுப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். ஆனாலும் பழைய தீர்ப்புகளும் சட்ட நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், உள்ளே போன பின்னும் ஆங்கில வாசிப்பு கைகொடுக்கும்.

இரண்டாம் வாசல்: பரீட்சை

பரீட்சையில் மொழித்திறன் ஒரு பகுதி. பொது அறிவும் பொது நுண்ணறிவும் மறு பகுதி. சட்டத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தீர்களா என்று அங்கே சோதிப்பதில்லை. சட்டம் படிக்கத் தக்க தலையா என்றுதான் பார்க்கிறார்கள். சில பயிற்சிகளைச் செய்து பார்ப்போம். இவை நாமே எழுதியவை.

மொழி: "முன்னறிவித்தலின்றித் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல், நோய் காரணமாக அன்றி, வேலைக்கு வராத தொழிலாளிக்கு எழுத்தில் விளக்கம் கோரப்படும்." இது பயிற்சிக்கான கற்பனை விதி. ஒருவர் காய்ச்சலால் ஐந்து நாள் வரவில்லை, யாருக்கும் அறிவிக்கவுமில்லை. அவரிடம் விளக்கம் கோர முடியுமா? அவசரமாக வாசிப்பவர் "முடியும்" என்பார். 'நோய் காரணமாக அன்றி' என்ற மூன்று சொற்களைக் கவனித்தவர் "இந்த விதிப்படி முடியாது" என்பார். இன்னொருவர் காரணமின்றிச் சரியாக மூன்று நாள் வரவில்லை. அவருக்கும் இது பொருந்தாது. 'மூன்று நாட்களுக்கு மேல்' என்றுதான் விதி சொல்கிறது. சட்டத்தரணியின் தொழிலே இப்படி வாசிப்பதுதான்.

எண் தொடர்: 3, 6, 11, 18, 27, அடுத்தது என்ன? இடைவெளிகளை எழுதுங்கள்: 3, 5, 7, 9. அடுத்த இடைவெளி 11. விடை 38.

ஒழுங்கு: ஒன்றாம் மலையில் இரண்டாம் மலையைவிடக் கொழுந்து அதிகம். மூன்றாம் மலையில் இரண்டாம் மலையைவிடக் குறைவு. நான்காம் மலையில் ஒன்றாம் மலையைவிட அதிகம். கொழுந்தில் இரண்டாவது இடம் எந்த மலைக்கு? மனதில் போட்டுக் குழம்ப வேண்டாம். தாளில் மேலிருந்து கீழாக எழுதினால் நான்கு, ஒன்று, இரண்டு, மூன்று. விடை ஒன்றாம் மலை.

தர்க்கம்: "எல்லாச் சட்டத்தரணிகளும் பரீட்சை எழுதியவர்கள். சில ஆசிரியர்களும் பரீட்சை எழுதியவர்கள். ஆகவே சில ஆசிரியர்கள் சட்டத்தரணிகள்." இந்த முடிவு சரியா? கேட்கச் சரி போல இருக்கும். ஆனால் பரீட்சை எழுதியவர்கள் என்ற பெரிய கூட்டத்தில் இருவரும் வெவ்வேறு மூலையில் இருக்கலாம் அல்லவா? எனவே அந்த முடிவு கட்டாயமாகப் பின்தொடராது.

பொது அறிவு: இதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். நாட்டின் அரசியலமைப்பு, நீதிமன்றங்களின் படிமுறை, உலக அமைப்புகள், அண்மைச் செய்திகள் என்று பிரித்து நாளுக்கு ஐந்து வரி எழுதுங்கள். இப்படி: "1931, டொனமூர் அரசியலமைப்பு, சர்வசன வாக்குரிமை." "1972, குடியரசு." "1978, இப்போதுள்ள அரசியலமைப்பு." "1987, 13ஆம் திருத்தம், தமிழும் அரச கரும மொழி." "2016, 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்." "அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்."

நம் சொந்தக் கதையிலும் பொது அறிவு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நமது முன்னோர்களில் பெரும்பாலானோர் பிரசாவுரிமை இல்லாதவர்களானார்கள். அதனால் வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்டபோது கேகாலை மாவட்டத்தில் கோடாக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். மீள்பரிசீலனை செய்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போய், 1953இல் அங்கும் தோற்றது. ஓர் இனத்தைப் பாகுபடுத்தும் சட்டம் செய்யக் கூடாது என்ற அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைச் சுற்றியே அந்த வாதம் நடந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று பிரசாவுரிமைக் கதை தொடர்ந்தது. ஒரு வாக்கியம் எப்படி எழுதப்பட்டது, எப்படி வாசிக்கப்பட்டது என்பதில் ஒரு சமூகத்தின் வாழ்வே தங்கியிருந்தது. நமது பிள்ளைகள் சட்டம் படிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணமும் அதுவே. இ.பி.எப்., சேவைக்காலப் பணம், காணி, பிறப்புப் பதிவு என்று நாம் ஏறி இறங்கும் ஒவ்வொரு கந்தோரிலும் சட்டம் இருக்கிறது.

பிழைகளைப் பிரித்துப் பாருங்கள்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடந்தகால வினாத்தாள்கள் அல்லது மாதிரி வினாத்தாள்கள் மூன்றைத் தேடி எடுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை முன்னால் வைத்து, வீட்டில் வானொலி, டி.வி. சத்தம் இல்லாமல் எழுதுங்கள். காம்பராவில் இடம் இல்லாவிட்டால் பாடசாலையிலோ, கோயில் மண்டபத்திலோ, வாசிகசாலையிலோ அனுமதி கேட்டு எழுதுங்கள். நேரம் முடிந்ததும் பேனையை வைத்துவிட வேண்டும்.

திருத்தும்போது மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவதும் அழுவதும் வேண்டாம். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்.

'தெ' என்றால் விஷயம் தெரியாது. எந்த வருடம், எந்த ஊர், யார் என்பது போன்றது.

'பு' என்றால் கேள்வி புரியவில்லை, அல்லது வழி தெரியவில்லை. நுண்ணறிவுக் கேள்விகளில் இது வரும்.

'நே' என்றால் நேரம் போதவில்லை. கேள்விக்குப் போகவே முடியாமல் விட்டது, ஓடி ஓடி வாசித்துப் பிழைத்தது எல்லாம் இதில் அடங்கும்.

இந்த மூன்றுக்கும் மருந்து வேறு. குணமாகும் காலமும் வேறு. 'தெ' அதிகம் என்றால் கவலை குறைவு. தினமும் பத்திரிகையும் கொப்பியுமாக இரண்டு மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் காணலாம். 'பு' அதிகம் என்றால் நாளுக்குப் பத்து நுண்ணறிவுக் கணக்கு வீதம் மூன்று நான்கு மாதமாவது பழக வேண்டும். 'நே' அதிகம் என்றால் அதுதான் நீண்ட வேலை. வாசிப்பு வேகம் ஒரு மாதத்தில் வராது. நாள்தோறும் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை வாசித்து, அதை நாலு வரியில் சுருக்கி எழுதும் பழக்கம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர வேண்டும்.

எப்போது எழுதுவது?

நமது தோட்டங்களில் காணக்கூடிய நான்கு பிள்ளைகளின் நிலைமையை எடுத்துக்கொள்வோம்.

முதலாம் பிள்ளை: உயர்தரம் மூன்று பாடமும் சித்தி. ஆனால் சாதாரண தர ஆங்கிலம் 'எஸ்'. இவருக்கு இந்த வருடம் சட்டக் கல்லூரிப் பரீட்சை இல்லை. ஆங்கிலப் பரீட்சைதான் இந்த வருடப் பரீட்சை. ஆனால் பொது அறிவுக் கொப்பியையும் வாசிப்பையும் இப்போதே தொடங்க வேண்டும். அப்போது அடுத்த வருடம் இரண்டு வேலை ஒன்றாகச் சேராது.

இரண்டாம் பிள்ளை: தகுதி எல்லாம் கையில். மூன்று தாளிலும் 'தெ' பிழைகளே அதிகம். பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கிறது. இவர் தாமதிக்கக் கூடாது, இந்த வருடமே எழுத வேண்டும். "இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு" என்று தள்ளிப்போட்டால் படித்ததும் ஆறிவிடும், ஆர்வமும் ஆறிவிடும்.

மூன்றாம் பிள்ளை: இசட் புள்ளியில் கொஞ்சம் குறைந்து பல்கலைக்கழகச் சட்டப் பீடம் தவறிவிட்டது. திரும்ப உயர்தரமா, சட்டக் கல்லூரியா என்று யோசிக்கிறார். பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லை, மகாபொல உதவியும் கிடைக்கலாம், மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. சட்டக் கல்லூரியில் கட்டணம் கட்ட வேண்டும். குறைவு சிறிதாக இருந்தால், இன்னொரு தடவை உயர்தரம் எழுதுவது வீட்டுக்கு இலாபம். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். குறைவு பெரிதாக இருந்தால் சட்டக் கல்லூரிக்கே முழு மூச்சாகத் தயாராகலாம். இரண்டுக்கும் ஒரே வருடத்தில் அரைகுறையாகத் தயாராவதுதான் கூடாது. பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றவரும் சட்டத்தரணியாகச் சட்டக் கல்லூரியின் வழியாகவே வர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்காம் பிள்ளை: வீட்டுக்கு மூத்தவள். வேலைக்குப் போய்த் தம்பி தங்கையைப் படிக்க வைக்கிறாள். தாள்களில் 'நே' பிழை அதிகம். இவள் இந்த வருடம் எழுதாமல், வேலையோடு தினமும் ஒன்றரை மணித்தியாலம் வாசித்து அடுத்த வருடம் எழுதுவது நல்லது. வேலையை விட முடியாதென்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் படிப்பையும் விசாரிக்கலாம். அதற்கும் தெரிவுப் பரீட்சை ஒன்று உண்டு. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. ஒரு வருடம் தள்ளிப்போடுவது தோல்வியல்ல. ஆனால் தள்ளிப்போட்ட வருடத்துக்கு ஒரு நேரசூசி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வருடம் வீணாகிவிடும்.

"சும்மா ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வரட்டுமே" என்று கேட்பவர்களும் உண்டு. கைச்செலவு தாங்குமென்றால் போகலாம்; பரீட்சை மண்டபப் பயம் தெளியும். ஆனால் தோட்டை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ பழகிப் பார்க்கப் போக வேண்டாம். அந்தக் காசு உண்மையான தடவைக்குத் தேவைப்படும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை தெரிவானதும் செலவு முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. கல்லூரிக் கட்டணம், கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, பஸ், புத்தகம் என்று மூன்று வருடமும் அதற்கு மேலும் போகும். ஆகவே பரீட்சை எழுதும் வருடமே மாதம் ஒரு சிறு தொகையைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடத் தொடங்குங்கள். பெண் பிள்ளை என்பதற்காக "கொழும்புக்கு எப்படி அனுப்புறது" என்று ஆரம்பத்திலேயே கதவை மூடாதீர்கள். கொழும்புக் கடைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பத் துணிந்த நாம், படிப்புக்கு அனுப்பத் துணியலாம்.

இன்னொன்று. பிள்ளை வாசிக்கும் ஒன்றரை மணித்தியாலத்தில் தண்ணீர் எடுக்க, விறகு எடுக்க என்று எழுப்பாதீர்கள். அதற்கு வேறு நேரம் வையுங்கள். இது காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவி.

விண்ணப்பிக்கும் முன்

அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரும். பரீட்சை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். மாதத்தை நம்பி இருக்க வேண்டாம். 2020க்குப் பின் உயர்தரப் பரீட்சையே பல தடவை மாதம் மாறியது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. பெறுபேறு வரும் நாளையும் விண்ணப்ப முடிவுத் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பின்வருவனவற்றை இன்றே சரிபார்க்கவும்:

1. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? தகப்பன் பெயர், முதலெழுத்து, ஓர் எழுத்துப் பிழை எல்லாவற்றையும் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் விசாரியுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

2. கடிதம் வரும் முகவரி எது? பல தோட்டங்களில் ஒரே முகவரிக்கு எல்லா லயத்துக் கடிதங்களும் வந்து கந்தோரில் தங்கிவிடும். கைக்கு நிச்சயமாகக் கிடைக்கும் ஓர் உறவினர், ஆசிரியர் அல்லது டவுன் கடை முகவரியை அவர்களிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

3. விண்ணப்பத்தின் பிரதியும், கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டும் பத்திரமாக இருக்கின்றனவா?

4. அனுமதி அட்டை வந்ததும் பரீட்சை நிலையம் எது, அங்கே போக எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள். தூரமென்றால் முதல் நாளே போய்த் தங்க ஏற்பாடு செய்யுங்கள். மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டால் பரீட்சை காத்திருக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரும் ஞாயிறு முதலாவது தாளை நேரம் வைத்து எழுதுங்கள். பிழைகளுக்குப் பக்கத்தில் 'தெ', 'பு', 'நே' போட்டு எண்ணுங்கள். மூன்றாம் ஞாயிறு முடிந்ததும் அந்த எண்ணிக்கையை அப்பா, அம்மா முன்னால் வைத்து, வீட்டு வரவு செலவையும் பக்கத்தில் வைத்து, குடும்பமாக இருந்து பேசுங்கள். எந்த வருடம் என்ற விடை அதிலிருந்து தானாக வரும். வந்த விடையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியோடு எழுதி, மறுநாளே படிப்பைத் தொடங்குங்கள்.